ஆறு குட்டிகளும் ஒரு உண்டியலும்: நாய்க்குட்டிகளுக்கு என்ன பொம்மை கொடுக்கலாம்?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் ரோசி ஆறு குட்டிகள் போட்டிருக்கிறது, இப்போது குட்டிகளுக்கு ஐந்து வாரம். மூன்றாவது வகுப்பு படிக்கும் மகள் தன் உண்டியலை உடைத்து, ஆறுக்கும் ஆளுக்கொரு பொம்மை வாங்கியே தீருவேன் என்று நிற்கிறாள். கடையில் விலையைப் பார்த்து இவர் மலைத்துப்போய்த் திரும்பியிருக்கிறார். பக்கத்து வீட்டம்மா பரணில் கிடந்த பஞ்சுப் பொம்மைகளை ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார். இன்னொரு தெரிந்தவர், போன மாதம் வாந்தி பேதியில் இறந்துபோன தங்கள் குட்டியின் பொம்மைகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மாமியாரோ "பொம்மை என்னத்துக்கு, ஒரு கோழி எலும்பையும் மாங்கொட்டையையும் போடு, நாள் முழுக்கக் கடிக்கும்" என்கிறார். இதற்கிடையில் ஒரு குட்டி மலம் போகும்போது நைலான் நூல் தொங்கியிருக்கிறது, கணவர் அதை இழுத்து எடுத்துவிட்டார், குட்டி நன்றாகத்தான் இருக்கிறது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து அலறுவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, தனித்தனி அட்டைப்பெட்டியில் ஆளுக்கொரு பொம்மையோடு விட்டுவிடலாமா, அடுத்த வாரம் இரண்டு பேர் குட்டி கேட்டு வருகிறார்கள், கொடுக்கலாமா என்று கேள்விகள் நீள்கின்றன.

சரிம்மா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நூல் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது, இது அப்படி இல்லை.

நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது

இந்த முறை உங்கள் குட்டி தப்பித்துவிட்டது, சந்தோஷம். ஆனால் உங்கள் கணவர் செய்ததை இனி யாரும் செய்ய வேண்டாம். குட்டி விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொண்டு, மீதி மட்டும் குடலுக்குள் நீளமாக இறங்கியிருக்கலாம். குடல் அதை வெளியே தள்ளப் பார்க்கும், நூல் நகராது, அதனால் பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கி ஒரே இடத்தில் சேர்வதுபோல குடல் அந்த நூலின்மேல் சுருங்கி ஏறிக்கொள்ளும். அந்த நிலையில் பின்பக்கம் தொங்கும் முனையை நாம் இழுத்தால் இறுகிய நூல் குடல் சுவரை அறுத்துவிடும். நூல் தெரிந்தால் அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். எக்ஸ்ரேயில் நூல் நேரடியாகத் தெரியாது, பெரும்பாலும் ஸ்கேன் செய்து குடலின் சுருக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே" என்று நிம்மதியாகிவிடவும் வேண்டாம்.

அந்த நூல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். மாப், பிளாஸ்டிக் சாக்கு, கொடிக்கயிறு, துடைப்பம், பாய், வாசல் மிதியடி, இதில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். தேங்காய் நார் மிதியடியும் தென்னந்துடைப்பமும் குட்டிகள் எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. நாரைக் கடித்து இழுப்பதில் அவற்றுக்கு அவ்வளவு ஆனந்தம், நார் செரிக்காமல் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். ஈர்க்குச்சி அண்ணத்தில் குறுக்காகச் சிக்கிக்கொண்டு, குட்டி வாயைப் பிறாண்டிக்கொண்டே சுற்றும். போன் சார்ஜர் வயரையும் கையோடு மேலே தூக்கி வைத்துவிடுங்கள்.

ஐந்து வாரக் குட்டிக்கு உண்மையில் என்ன தேவை

மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்க ஆரம்பிக்கிறது, எட்டு வாரம் ஆகும்போது வாயில் 28 பால்பற்கள் நிற்கும். ஊசி மாதிரிக் கூர்மை, ஆனால் மெல்லியவை, கடினமான பொருளைக் கடித்தால் சட்டென்று உடையும். உடைந்த பால்பல்லில் சீழ் பிடித்தால் அடியில் காத்திருக்கும் நிலையான பல்லின் முளைக்கும் கேடு. அதனால் கல் போன்ற நைலான் எலும்பு, மான் கொம்பு, மாட்டுக் குளம்பு இதெல்லாம் இப்போது வேண்டவே வேண்டாம். கடையில் எடுக்கும் எதையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், லேசாகப் பள்ளம் விழுந்து திரும்பி எழும்பினால் இந்தப் பற்களுக்கு ஏற்றது, நகம்தான் வலிக்கிறது என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை ஒரு குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். எது ஆபத்து, எது சும்மா சத்தம், காலுக்கடியில் வழுக்கும் தரை எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் இந்தச் சில வாரங்களில்தான் மூளை பதிவு செய்துகொள்கிறது, இப்போது பழகாத ஒன்றைக் கண்டு பிறகு வாழ்நாள் முழுக்க மிரளும் நாய்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதனால் பொம்மை என்பதைக் கொஞ்சம் அகலமாக நினைத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் தட்டு ஒரு பொம்மைதான், ஏறினால் சத்தம் வரும், முதலில் பயந்து ஓடும், அரை நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடியும் ஏறும். குக்கர் விசில், மிக்சி, வாசலில் போகும் ஆட்டோ சத்தம் எல்லாம் தூரத்திலிருந்து காதில் விழட்டும்.

இன்னொன்று, குட்டிகள் ஒன்றையொன்று கடிப்பதைப் பற்றி. தயவுசெய்து பிரித்து வைக்காதீர்கள். ஒன்று அழுத்திக் கடிக்கிறது, மற்றது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்துகிறது, கடித்தது ஒரு நொடி திகைத்து நிற்கிறது. இப்படித்தான் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது, இதை நாம் சொல்லிக்கொடுக்க முடியாது, கடையில் வாங்கவும் முடியாது. ரத்தம் வந்தாலோ, ஒரே குட்டியை மற்றவை விடாமல் அமுக்கினாலோ மட்டும் தலையிடுங்கள்.

இதே காரணத்துக்காக அடுத்த வாரம் குட்டியைக் கொடுக்க வேண்டாம். எட்டு வாரம் முடியட்டும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நீங்கள் விற்கவில்லை, சும்மாதான் கொடுக்கிறீர்கள், ஆனால் அந்த வரம்புக்கான காரணம் உங்கள் குட்டிகளுக்கும் அப்படியே பொருந்தும். கேட்டு வருபவர்களை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், உண்மையில் ஆசை இருப்பவர்கள் மூன்று வாரம் காத்திருப்பார்கள். கொடுக்கும்போது தாயும் கூடப்பிறந்தவையும் படுத்த துணியில் ஒரு துண்டைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள், புது வீட்டின் முதல் சில இரவுகளில் அந்த வாசனை பெரிய ஆறுதல்.

வீட்டில் வந்து சேர்ந்திருக்கும் பைகள்

இறந்த குட்டியின் பொம்மைகள் வேண்டாம். துவைத்தாலும் வேண்டாம். வாந்தி பேதியில் குட்டி இறந்தது என்றால் முதல் சந்தேகம் பார்வோ என்ற வைரஸ் நோய்தான், அந்த வைரஸ் பொருட்களின்மேல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சோப்புத் தண்ணீருக்கும் டெட்டாலுக்கும் சாகாது. பிளீச்சிங் கரைசல் வேலை செய்யும், ஆனால் பஞ்சு பொம்மைக்குள் அதை முழுக்க ஊறவைத்துச் சுத்தம் செய்தேன் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் குட்டிகளுக்கு இன்னும் தடுப்பூசி ஆரம்பிக்கவே இல்லை, ஆறுக்கு ஆறும் போய்விடும் அபாயம் இது. அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சுவதையும் கொஞ்ச நாள் பக்குவமாகத் தவிர்த்துவிடுங்கள். ஆறாவது வாரத்திலேயே ஊசிக்கு அழைத்துப் போய்விடுங்கள், குடற்புழு மருந்து இதுவரை கொடுக்கவில்லை என்றால் அதற்கு இந்த வாரமே.

பரண் பொம்மைகளுக்கு வருவோம். முதலில் மோந்து பாருங்கள். பாச்சை உருண்டை வாசனை அடித்தால் அந்தப் பை முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடலாம், நாஃப்தலின் நாய்க்கு விஷம், பைக்குள் மிச்சம் ஒரு உருண்டை கிடந்தால் குட்டி அதைப் பந்தென்று நினைத்து விழுங்கும். வாசனை இல்லையென்றாலும் பிளாஸ்டிக் கண், மூக்கு, மணி, ரிப்பன், உள்ளே பாட்டுப் பாடும் பெட்டி, அமுக்கினால் சரசரக்கும் தெர்மாகோல் உருண்டை இருப்பவை எல்லாம் கழிந்துவிடும். இதையெல்லாம் தாண்டி ஒன்றிரண்டு தேறினால், துவைத்து நல்ல வெயிலில் காயவைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் கொடுங்கள். தையல் விட்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்த அன்றே குப்பைக்கு.

உங்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரியையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதே, குழந்தை வாயில் வைத்தாலே ஒன்றும் ஆகாது, நாய்க்கு என்ன" என்கிறீர்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம் என்பது சரிதான், ஆனால் அது 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விளையாடுவதை மனதில் வைத்துச் செய்த சோதனை. குழந்தை சப்பும், குட்டி கடித்துப் பிய்த்து விழுங்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த எழுத்துகள் இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். பட்டன் பேட்டரி ஈரம் பட்ட இடத்தைச் சில மணி நேரத்துக்குள் வேகவைத்துவிடும். விளையாட்டு மாவில் உப்பு அதிகம், குட்டி வயிற்றுக்கு அது விஷம்தான். கோலி, லெகோ, செப்புச் சாமான் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, இதை உங்கள் நாலு வயதுப் பையனிடம்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

மாமியாரிடம் நீங்களே பேசாதீர்கள், டாக்டர் சொன்னார் என்று இந்தப் பதிலைக் காட்டுங்கள். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும், தொண்டையிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் குத்தும். மாங்கொட்டை சப்பச் சப்ப வழுக்கும், அப்படியே தொண்டைக்குள் போய்விடும், சீசன் நேரத்தில் குடலடைப்புக்கு நாங்கள் ரோசி மாதிரிப் பெரிய நாய்களுக்கே அறுவை சிகிச்சை செய்கிறோம். மக்காச்சோளக் கட்டையும் அப்படித்தான். கடையில் விற்கும் தோல் எலும்பும் வேண்டாம், எச்சிலில் ஊறி உப்பிக்கொண்டு துண்டாகக் கழன்று அடைக்கும். அந்தக் காலத்தில் நாய்கள் இதையெல்லாம் தின்று நன்றாக இருந்தன என்பார்கள். இருந்தவற்றை மட்டும்தான் நாம் பார்த்தோம்மா, கொல்லைப்புறத்தில் போய்ச் செத்தவை எதனால் செத்தன என்று யாரும் வயிற்றைத் திறந்து பார்க்கவில்லை.

உண்டியல் பணத்தை என்ன செய்வது

பாப்பாவின் ஆசையைக் கெடுக்க வேண்டாம், ஆனால் ஆறு பொம்மை வாங்கவும் வேண்டாம். பெரும்பாலானதை அவளே செய்யலாம். பழைய பனியன் துணி எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி, புடவை, துண்டு வேண்டாம், அவை நெய்த துணி, வெட்டிய ஓரத்திலிருந்து நூல் நூலாகப் பிரியும், மறுபடியும் முதலில் சொன்ன கதைதான். பனியன் துணி பின்னல் துணி என்பதால் ஓரம் சுருண்டுகொள்ளுமே தவிர நீள நூலாகக் கழன்று வராது. மூன்று பட்டையாக வெட்டி, அவள் சடை பின்னுவதுபோல் இறுக்கிப் பின்னி, இரண்டு முனையிலும் பெரிய முடிச்சு. இரண்டு கட்டைவிரல் சேர்ந்த கனம், அவள் முழங்கை நீளம் இருந்தால் போதும். ஒரு குட்டி ஒரு முனையையும் இன்னொன்று மறுமுனையையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கும் பாருங்கள், பிள்ளைகள் இரண்டும் டிவி பக்கமே போகாது. நீங்களோ பிள்ளைகளோ மட்டும் அதில் பலமாக இழுக்க வேண்டாம், பால்பல்லும் கழுத்தும் தாங்காது.

அப்புறம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, டேப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் முழுக்க எடுத்துவிட்டு இரண்டு பக்கம் வாசல் வெட்டுங்கள், ஒரே நேரத்தில் குகையும் குன்றும் ஆகிவிடும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், மூடி, மூடிக்குக் கீழே இருக்கும் வளையம், லேபிள் மூன்றையும் கழற்றியது. உருளும்போது வரும் சத்தத்துக்கே துரத்தும், நசுங்கி முனை கூராகிவிட்டால் மாற்றிவிடுங்கள். குட்டியின் தலையைவிடப் பெரிய ரப்பர் பந்து ஒன்று, வாயால் தூக்கவே முடியாத அளவு. சின்னப் பந்து எதுவும் வேண்டாம், டென்னிஸ் பந்தும் வேண்டாம், அதன் சொரசொரப்பு காலப்போக்கில் பல்லைத் தேய்க்கும்.

உண்டியல் பணத்தில், குட்டிகளுக்கென்றே வரும் மிருதுவான, ஒரே வார்ப்பாகச் செய்த ரப்பர் வளையமோ கடிபொம்மையோ இரண்டு வாங்கிக்கொடுங்கள். பாரிமுனையில் வாங்கினாலும் மாலில் வாங்கினாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஒட்டுப்போட்ட பாகம் இருக்கக் கூடாது, அமுக்கினால் கீச்சிடும் குழல் உள்ளே இருக்கக் கூடாது, கடுமையான பெயிண்ட் வாசனை வரக் கூடாது. உள்ளே குழிவாக இருந்தால் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், ஒரே ஓட்டை என்றால் நக்கும்போது உள்ளே காற்று இழுத்து நாக்கு மாட்டிக்கொள்ளும். கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் போகக்கூடிய அளவில் எதுவும் வேண்டாம், இந்த அளவுக் கணக்கு குட்டி வளர வளர மாறும், இன்று பெரிதாக இருப்பது இரண்டு மாதத்தில் ஒரே விழுங்கு.

பழைய செருப்பு கொடுக்கலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். பழைய செருப்பு எது, நேற்று வாங்கியது எது என்று குட்டிக்குத் தெரியாது.

ரோசியை மறந்துவிட வேண்டாம்

இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. குட்டிகள் இருக்கும் இடத்துக்குத் தாயும் வந்துபோகும், குட்டிப் பல்லுக்கு ஒன்றும் ஆகாத ரப்பர் பொம்மை ரோசியின் தாடைக்கு நாலு கடிதான். அது வரும்போது பொம்மைகளை எடுத்துவிடுவது நல்லது. சில தாய் நாய்கள் பொம்மையைத் தன்னுடையதென்று காத்துக்கொண்டு குட்டிகளிடமே உறுமும், அதற்கும் இதுதான் வழி. சாப்பாடு வைக்கும்போதும் இரவு நீங்கள் தூங்கப் போகும்போதும் பொம்மைகள் எல்லாம் ஒரு கூடைக்குள் போய்விடட்டும், படுக்கத் துணி மட்டும் போதும்.

ஆறு குட்டிக்கு ஏழெட்டுப் பொருள் வெளியே கிடந்தால் பிடுங்கல் சண்டை குறையும், தினமும் இரண்டை மாற்றி மாற்றி எடுத்து வைத்தால் பழசே புதுசாகிவிடும். கால் மணி நேரம் ஆடும், அப்படியே சுருண்டு தூங்கும், தூங்குகிறதே என்று எழுப்பாதீர்கள். பொம்மைகளைச் சோப்புப் போட்டு நன்றாக அலசிக் காயவைத்தால் போதும், பினாயில் தொடக் கூடாது.

பிள்ளைகளின் விரலைக் கடிக்கக் கொடுத்து விளையாடுவது இப்போதே நிற்கட்டும். கை கடித்தால் விளையாட்டு நின்றுவிடும், பின்னல் துணி வாய்க்கு வரும், இதைக் குட்டி சீக்கிரமே புரிந்துகொள்ளும். ரோசிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. குட்டிகளுக்கு அந்த ஊசி மூன்று மாதத்தில்தான். அதுவரை பல் பட்டு லேசாகக் கீறினால்கூட ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, பிள்ளையை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்காமல் ஒதுங்கிப் படுத்தல், வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, முதுகை வளைத்து முக்குவது, வாயில் எச்சில் ஒழுக முன்காலால் முகத்தைப் பிறாண்டுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் நாளைக் காலை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், இவ்வளவு சிறிய உடம்பில் நீர்ச்சத்து சில மணி நேரத்தில் வற்றிவிடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, விளக்கெண்ணெய் கொடுப்பது, சோற்று உருண்டையை ஊட்டி உள்ளே தள்ளப் பார்ப்பது எதுவும் வேண்டாம். மூச்சே விட முடியாமல் திணறினால் வாயைத் திறந்து பாருங்கள், பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் பக்கவாட்டில் விரல் விட்டு வெளியே கொண்டுவாருங்கள், தெரியவில்லை என்றால் குருட்டாம்போக்கில் விரலை விட்டு உள்ளே தள்ளிவிடாமல், தலை கீழே வருமாறு பின்னங்கால் பக்கம் தூக்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் நாலைந்து தட்டு தட்டுங்கள்.

பெரம்பூரிலிருந்து உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். அங்கே எந்த நேரத்தில் எந்தப் பிரிவில் பார்ப்பார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் பக்கத்தில் இரவில் பார்க்கும் மருத்துவர் ஒருவரின் எண்ணும் போனில் இருக்கட்டும். போகும்போது கடிபட்ட பொம்மையின் மீதித் துண்டுகளை ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், உள்ளே என்ன போயிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்று மருத்துவர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.